இரைச்சல் இருக்கும் வரை

ஆரணி
14 ஜூலை 2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

கடிதமா என்று சிரிக்காதே. தாலி கட்டி மூன்று வருஷம் ஆன பெண்டாட்டிக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன். உனக்கோ சென்னையில் உட்கார்ந்துகொண்டு செல்போன் டவர்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. அந்த இன்ஜினியரம்மா வீட்டிலேயே போன் பேச முடியவில்லை என்று வெளியே சொன்னால் ஆரணியே சிரிக்கும்.

நேற்று சாயங்காலம் நடந்தது பாதிதான் உனக்குக் கேட்டிருக்கும். நான் கேட்டது இதுதான்: "வேலை இருந்தாதான் இந்த ஊருக்கு வருவியா? எனக்காக ஒரு தபா வரமாட்டியா?" நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், லைன் போய்விட்டது. கோபத்தில் கட் பண்ணிவிட்டாய் என்று நினைத்தேன். நீயே திரும்பக் கூப்பிட்டு, "ஏன் கட் பண்ணீங்க?" என்று ஆரம்பித்தாய். அதுவும் பாதியில் போயிற்று. அப்புறம் இரண்டு பேருக்கும் வீம்பு. நான் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை.

கேட்டதில் என்ன தப்பு? முதல் வருஷம் வாரா வாரம் வந்தாய். அடுத்த வருஷம் மாதத்துக்கு ஒரு முறை. ஏப்ரலில் நமக்குள் அந்தச் சண்டை வந்த பிறகு வரவே இல்லை. மே மாதக் கடைசியில் ஆரணி டவரில் ஏதோ கோளாறு என்று கம்பெனி கார் போட்டு அனுப்பியது, வந்தாய். அதிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறாய், தெருத் தெருவாகச் சுற்றுகிறாய், நம் வீட்டில் சாப்பிடுகிறாய், ஒரு ராத்திரி தங்குகிறாய், போகிறாய். நீ டவருக்கு வாக்கப்பட்டவளா, எனக்கா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்குள் முன்பெல்லாம் போனில் சிக்னல் ஒரு கோடு காட்டினாலே அதிசயம். இப்போது மே மாதத்திலிருந்து நாலு கோடும் முழுசாகக் காட்டுகிறது. எப்படி என்று கேட்காதே, ஒருநாள் நேரில் சொல்கிறேன். முழுசாகக் காட்டியும் உன் குரல் ஏன் பாதியில் போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆடி பிறக்கப்போகிறது. புதுப் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற மாசம். நமக்குத்தான் எல்லா மாசமும் ஆடியாகவே போகிறதே.

உன்
தீனா


சென்னை
18 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருந்தீர்கள். எங்கள் மேனேஜர் தென்னரசு சார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு நோட்டீஸா ஹேமலதா?" என்று கேட்டார். இனிமேல் ஹாஸ்டலுக்கு அனுப்புங்கள்.

அன்றைக்கு நான் கட் பண்ணவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் சண்டை என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வேலைய விட்டுட்டு வந்து வீடியோல பொடவய புடிச்சிக்கோ, நான் வெல சொல்றேன்." சிங்கப்பூர்க்காரர்களுக்கு நீங்கள் வீடியோவில் பட்டுப்புடவை விற்பதை நான் ஒருநாளும் குறைவாகப் பேசியதில்லை. என் வேலையை மட்டும் புடவை பிடிக்கிற கைக்குச் சமமாக ஆக்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு சும்மா எப்படி வருவேன்? வந்தால் தோற்றுப்போய் வந்த மாதிரி இருக்காதா? அது என் வீம்புதான், தெரிகிறது.

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கடிதத்தில் லைன் கட் ஆகாது என்பதால் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு டவரிடம் இருப்பது கொஞ்சம் அலைவரிசைதான். அதை நொடிக்கு ஆயிரம் தடவை கூறுபோட்டு, சுற்றியிருக்கிற போன்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர், வீட்டுக்குள் இருக்கிறவர், நடக்கிறவர் என்று எல்லோருடைய நிலைமையும் மாறிக்கொண்டே இருப்பதால், போன நொடியில் போட்ட கணக்கு இந்த நொடிக்கு ஆகாது. யாருக்கு இப்போது நன்றாகக் கேட்கிறதோ அவருக்கு அள்ளிக் கொடுக்கும். ஆனால் ஒருவர் நெடுநேரமாக ஒன்றும் கிடைக்காமல் காத்திருந்தால், அவர் மூலையில் நின்றாலும் அவரை முன்னால் கூப்பிட்டுக் கொடுக்கும். இந்த நியாயத்தை எழுதி வைத்தவர்கள் நல்லவர்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆரணியில் இந்தக் கணக்கு கெட்டுப்போயிருக்கிறது. எங்கேயோ யாரோ மாடியில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். சட்டப்படி கூடாது. அவர்கள் வீட்டுக்குள் நாலு கோடும் முழுசாகக் காட்டும். ஆனால் அந்தப் பெட்டி டவரின் காதில் ஓயாமல் இரைந்துகொண்டே இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் யார் பேசினாலும் டவருக்குச் சரியாகக் கேட்காது. பவர்லூம் கொட்டகைக்குள் பேசுவது மாதிரி எல்லாப் போன்களும் தொண்டை கிழியக் கத்தும், பேட்டரி தீர்ந்துபோகும். பெட்டி வைத்தவருக்கும் பேச்சு பாதியில் போகும்.

அதைக் கண்டுபிடிக்கிற வரை பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் வரவேண்டும். அடுத்து 28ஆம் தேதி.

ஹேமா


ஆரணி
23 ஜூலை 2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஏப்ரலில் நான் சொன்னது தப்பு. அதை விளையாட்டாகச் சொன்னேன் என்று புளுகமாட்டேன். அன்றைக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, "வூட்டம்மா எங்க, அவங்கள கட்டினு காட்டச் சொல்லு" என்று கேட்டார். வீட்டம்மா இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை உன்மேல் கொட்டிவிட்டேன்.

டவரின் நியாயம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நெடுநேரம் கிடைக்காமல் காத்திருப்பவனை முன்னால் கூப்பிட்டுக் கொடுக்குமாமே! கம்பிக்கும் இரும்புக்கும் இருக்கிற இந்த இரக்கம் அதைச் சரிபார்க்கிறவளுக்கு ஏன் இல்லை? மூலையில் நிற்கிறவன் நான்தான் தாயே, பார்த்துப் போடு.

இரைச்சல் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியது உண்மைதான் போலிருக்கிறது. எதிர்வீட்டுப் பூங்காவனம் அக்கா காலையில் முழுசாகச் சார்ஜ் போட்ட போன் மத்தியானத்துக்குள் செத்துப்போகிறது என்று என்னிடம் வந்து புலம்பினார்கள். "ஒரே பேஜாரா கீது தீனா, கொயந்தைங்ககிட்ட ஒரு வார்த்த பேச முடில" என்றார்கள். அடுத்த வீட்டு முத்துவேல், அவன் பவர்லூம் சத்தத்தில்தான் கேட்கவில்லை என்று நினைத்துத் தறியை நிறுத்திவிட்டுப் பேசிப் பார்க்கிறானாம். அவன் பெண்டாட்டி அபிதகுசாம்பாளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

நான் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் எழுது. அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டால், அல்லது அது தானாகவே நின்றுவிட்டால், அதற்கப்புறம் உன் கம்பெனி உன்னை ஆரணிக்கு அனுப்புமா?

28ஆம் தேதி நிதானமாகத் தேடு. அவசரப்பட்டு வேலை பார்த்தால் எதுவும் சரியாக வராது. சாப்பாட்டுக்கு வந்துவிடு. கத்திரிக்காய்க் கொத்சு வைக்கிறேன்.

உன்
தீனா


சென்னை
31 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

கொத்சு நன்றாக இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் காரில் கூட வந்தது இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. டெஸ்ட் எடுக்கப் போகிற வண்டியில் வெளியாளை ஏற்றக்கூடாது. டிரைவர் அண்ணன்தான், "சார் தேவிகாபுரம் கோயிலுக்குப் போவணும்னாரு, ஏறிக்கட்டும்மா" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். நீங்கள் கோயிலுக்குப் போகவே இல்லை என்பது வேறு விஷயம்.

பின்சீட்டில் என் மடியில் லேப்டாப், பக்கத்தில் நீங்கள். முன்னால் வரிசையாக வைத்த போன்கள் தாமாகவே கூப்பிடும், வைக்கும், மறுபடி கூப்பிடும். ஊரைத் தாண்டியதும் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்கள், தண்ணீரில் மேகம். நீங்கள் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தீர்கள். ஒரு போன் ஆரணி டவரை விட்டு அடுத்த டவரைப் பிடிக்கிற இடம் அது. எப்போதும் அந்த வளைவில் கால் கட் ஆகும். அன்றைக்கு ஆகவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வண்டி அப்படியே போய்க்கொண்டே இருக்கக்கூடாதா என்றிருந்தது.

திரும்பும்போது நம் ஊர்ப் பக்கத்துத் திருமலையில், அந்தச் சமணர் மலையில் ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? மேலே நின்று என் போனைக் காட்டினேன். எத்தனையோ டவர்கள் ஒரே நேரத்தில் தெரிந்தன, ஒன்றுகூட நிலையாகப் பிடிக்கவில்லை. "எல்லாம் தெரியுது, எதுவும் கெடைக்கல, இன்னா மலைடி இது" என்றீர்கள். சிரித்துவிட்டேன். அப்புறம் இறங்குகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு டவர்களுக்கு நடு எல்லையில் நிற்கிற போன் என்ன செய்யும் தெரியுமா? இதற்குத் தாவும், உடனே அதற்குத் தாவும், மறுபடி இதற்கே வரும். தாவித் தாவியே பேச்சைத் தொலைத்துவிடும். அதை நிறுத்த ஒரு வழி வைத்திருக்கிறோம். புதிய இடம் கொஞ்சம் நன்றாக இருந்தால் போதாது, தெளிவாக நன்றாக இருக்க வேண்டும், கொஞ்ச நேரம் அப்படியே நிலைத்தும் இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தாவலாம். வாரா வாரம் வந்த அந்த முதல் வருஷம் நான் அந்தப் போனாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் எனக்கு எந்த ஊரும் சொந்தமாகத் தெரியாது. இதை உங்களிடம் சொன்னதில்லை.

கேட்டதற்குப் பதில்: இரைச்சல் நின்றுவிட்டால் ஆரணி வேலை முடிந்தது. கார் வேறு மாவட்டத்துக்குப் போகும், நானும் அதோடு போவேன்.

இந்த முறையும் பெட்டி எங்கே என்று தெரியவில்லை என்றே தென்னரசு சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடுவில் கார் வேறு ஊருக்குப் போவதால் அடுத்து மூன்று வாரம் கழித்து, 18ஆம் தேதிதான்.

ஹேமா


ஆரணி
5 ஆகஸ்ட் 2025

ஹேமா,

ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரைச்சல் இங்கே நன்றாகவே இருக்கிறது. பகலிலும் இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். 18ஆம் தேதி கட்டாயம் வா.

தீனா


ஆரணி
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று மத்தியானம் நான் கீழ் அறையில் சிங்கப்பூர்க்காரர்களுக்குக் காட்டப் புடவைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பூங்காவனம் அக்காவின் கத்தல். "தீனா! ஜல்தி வா! அபிதாவுக்கு வலி வந்துகிச்சு!" முத்துவேல் தறிக்குப் பாவு நூல் வாங்க வெளியூர் போயிருக்கிறான். அந்தப் பெண் கொட்டகை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நூத்தியெட்டுக்கு நாலு தபா அடிச்சிட்டேன், போவவே மாட்டேங்குது. இவ வூட்டுக்காரனுக்கும் போவல" என்று அக்கா அழுகிறார்கள். நான் என் போனை எடுத்தேன். நாலு கோடும் முழுசாக நிற்கிறது, ஹேமா. அடித்தேன், போகவில்லை. மறுபடி அடித்தேன், ஒரு மணி கேட்டது, செத்துப்போயிற்று.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஆட்டோவை மறித்து இழுத்து வந்தேன். அவளை ஏற்றிக்கொண்டு போனோம். ஆற்றுப் பாலம் ஏறும்போதே குழந்தை பிறந்துவிட்டது. அக்காதான் பிடித்தார்கள். பெண் குழந்தை. முதலில் அழவே இல்லை. ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அழுதது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனா நிற்கிறது. அதன் ஒயரைப் பிடுங்கினேன். கீழே வந்து பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

ஆமாம், நீ தேடுகிற பெட்டி நம் வீட்டில்தான் இருந்தது. ஏப்ரலுக்கு அப்புறம் நீ வரவில்லை, குரலாவது தெளிவாக வரட்டும் என்று மே மாதம் மொபைல் கடை சதீஷிடம் சொல்லி மாட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாக. சாயங்காலம் விளக்கு வைத்ததும் போடுவேன், உன்னோடு பேசி முடித்துத் தூங்கப் போகும்போது நிறுத்துவேன். உன் முதல் கடிதம் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அதே கடிதத்தில், கண்டுபிடிக்கிற வரை வருவேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் பகலிலும் போட ஆரம்பித்தேன். எதிர்வீட்டு அக்கா பேட்டரிக்குப் புலம்பியபோதுகூட நிறுத்தவில்லை. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இந்தத் தெரு விலை கொடுத்துக்கொண்டிருந்தது.

இனி இரைச்சல் இருக்காது. நீயும் வரமாட்டாய். இரண்டும் தெரிந்துதான் பிடுங்கினேன்.

தீனா


சென்னை
13 ஆகஸ்ட் 2025

மாமா,

நேற்று நான் வேலையில் இருந்தேன். எங்கள் அறைச் சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு டவருக்கும் ஒரு கோடு. டவரின் காதில் எவ்வளவு இரைச்சல் கேட்கிறது என்பதுதான் அந்தக் கோடு. ஆரணிக் கோடு நேற்று சாயங்காலம் சட்டென்று கீழே இறங்கியது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் ஏறவில்லை. ஷிப்ட் முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தேன். இன்று காலையில் வந்து முதலில் அதைத்தான் பார்த்தேன். தரையோடு தரையாகக் கிடக்கிறது.

எனக்குத் தெரியும் மாமா. முதல் தடவை வந்தபோதே தெரியும். விளக்கு வைத்த பிறகு, திசை காட்டும் ஆன்டெனாவைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் சுற்றினேன், அது நேராக நம் வீட்டைக் காட்டியது. நம்பாமல் பின்தெருவுக்குப் போய்ச் சுற்றினேன், அங்கிருந்தும் நம் மாடியைத்தான் காட்டியது. சாப்பிட வந்தபோது துணி எடுக்கிற சாக்கில் மேலே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உங்கள் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஆன்டெனாவுக்கு வேட்டி கட்டிவிட்ட ஒரே ஆள் இந்த நாட்டில் நீங்களாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணீர் வந்தது. கீழே வந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. எங்கேயோ யாரோ என்று உங்களுக்கு எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. நீங்களாகவே புரிந்துகொண்டு கழற்றிவிடுவீர்கள் என்று பாதி மனசு நினைத்தது. கழற்றிவிடக் கூடாதே என்று மீதி மனசு பயந்தது.

இன்னொன்று சொல்கிறேன். உங்கள் கோடு தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெல்ல ஏறும். சுற்றிலும் எல்லோரும் டீ குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள். எனக்கு மட்டும் தெரியும், இப்போது தீனா மாமா ஸ்விட்சைப் போட்டுவிட்டு என் போனுக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று. சண்டை போட்ட நாட்களில்கூட ஏறும். நான் கூப்பிடாத நாட்களில் நெடுநேரம் இறங்காமலேயே நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போவேன். ஊரையே கெடுக்கிற இரைச்சலைப் பார்த்து ஒருத்திக்குத் தூக்கம் வந்தது என்றால் நம்புவீர்களா?

நேற்று அது ஏறவில்லை. காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உங்களுக்குச் சலித்துப்போயிருந்தால் அதைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியவில்லை.

ஹேமா


ஆரணி
19 ஆகஸ்ட் 2025

என் ஹேமாவுக்கு,

இதற்குள் என் கடிதம் உன் கையில் இருக்கும். வழியில் இரண்டும் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. எனக்குச் சலித்துப்போயிற்றா? அறிவு கெட்டவளே. அந்த ஒயரைப் பிடுங்கிய கைக்கு இன்னும் வலி போகவில்லை.

வேட்டியைப் பார்த்தாயா? பார்த்தும் ஒரு வார்த்தை பேசாமல் என் எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை ரசம் ஊற்றிக்கொண்டாயா? நான் ஒரு திருடன் என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டில் திருடர்கள் இரண்டு பேர்.

சனிக்கிழமை முத்துவேலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டான். கெட்ட வார்த்தையில் நன்றாகத் திட்டினான், வாங்கிக்கொண்டேன். அப்புறம் தறியில் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தான். கடைசியில், "கொயந்தயப் பாத்தியா?" என்று கேட்டான். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். என் விரலைப் பிடித்துக்கொண்டது, ஹேமா. பூங்காவனம் அக்காவிடமும் சொன்னேன். அக்கா இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் சாயங்காலம் அவர்கள் வாசலில் உட்கார்ந்து வெளியூர்ப் பிள்ளைகளோடு போனில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கத்தாமல் மெதுவாக. அது என் ஜன்னல் வரைக்கும் கேட்கிறது.

நம் வீட்டில் பழையபடி ஒரு கோடுதான். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால் இரண்டு கோடு வருகிறது. நேற்று அங்கேயிருந்துதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்து, "சொல்லுங்க" என்றாய். எனக்கு ஒன்றும் வரவில்லை. நீயும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் லைன் கட் ஆகவே இல்லை, கவனித்தாயா? நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூன்று மாதமாக நம்மைப் பாதியில் பிரித்தது என் பெட்டிதான்.

ஏப்ரலில் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வேலையை விடாதே. எங்கே அனுப்பினாலும் போ. வா என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். எழுதிப் பார்த்துவிட்டு அடித்தேன், பின்பக்கம் பார்த்தால் தெரியும்.

உன்
தீனா


சென்னை
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா,

பின்பக்கம் பார்த்தேன். நாலு இடத்தில் அடித்திருக்கிறீர்கள்.

நேற்று தென்னரசு சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பெட்டி யார் வீட்டில் இருந்தது, எனக்கு எப்போது தெரியும், ஏன் மறைத்தேன், எல்லாவற்றையும். ஒரு பெண் ஆட்டோவில் பிள்ளை பெற்றதையும் சொன்னேன். அவர் என் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். வேலையிலிருந்து நீக்கவில்லை. இந்த வருஷப் பதவி உயர்வு இல்லை என்றார். ஆரணிப் பக்கம் இனி என்னை அனுப்பமாட்டார்கள், திரையில்கூட ஆரணியை நான் பார்க்கக்கூடாது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். கடைசியாக ஒருமுறை அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆடாமல் அசையாமல் கிடந்தது, நல்ல தூக்கத்தில் இருக்கிற பிள்ளை மாதிரி.

ஜூலையில் "எனக்காக ஒரு தபா வரமாட்டியா" என்று நீங்கள் கேட்டபோது லைன் போய்விட்டதே, நான் அப்போது சொல்ல வந்தது, "கூப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்பது. டவர் வேலையைச் சாக்காக வைக்காமல் நீங்கள் கூப்பிடவே இல்லை, நானாகவும் வரவில்லை. இப்போது நீங்கள் எழுதி எழுதி அடித்திருக்கிறீர்கள். எனக்கு அது போதும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கார் இல்லை, லேப்டாப் இல்லை. முத்துவேல் அண்ணன் வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போவோம், அக்காவிடம் நானும் திட்டு வாங்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை கிளம்பிவிடுவேன், அடுத்த சனிக்கிழமை மறுபடி வருவேன். தாவுகிற போன்தான், ஆனால் இந்த முறை எந்தப் பக்கம் நிலைத்து நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஆரணியில் எனக்கு இனி ஒரு வேலையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்து, "இன்னாம்மா, டவர் ரிப்பேரா?" என்று கேட்டால், சும்மா வந்தேன் என்று சொல்லப்போகிறேன்.

உங்கள்
ஹேமா